குடும்ப டாக்டரே மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதலாமா?

கேள்வி: எனக்கு 46 வயது. பெங்களூரு அல்சூரில் குடியிருக்கிறோம். ஐந்து வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். நாலு மாதமாக உடம்பெல்லாம் வலி, மண்டை கனம். விடியற்காலை மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமே இல்லை. எதிலும் பிடிப்பில்லை, அடுப்படிக்குள் போகவே மலைப்பாக இருக்கிறது. ஈசிஜி, வயிற்று ஸ்கேன் எல்லாம் நார்மல். வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறேன். எங்கள் தெரு கிளினிக் டாக்டர் ஒரு தாளில் ஒன்பது கேள்வி கேட்டு, 16 என்று எழுதி, ‘இது டிப்ரஷன்’ என்றார். எஸ்சிட்டாலோபிராமும் குளோனசிபாமும் சேர்ந்த மாத்திரை கொடுத்தார். குமட்டலும் கிறக்கமும் தாங்காமல் பத்து நாளில் நிறுத்திவிட்டேன். ‘சளி, காய்ச்சல் பார்க்கிற டாக்டர் இதையெல்லாம் பார்க்கலாமா? நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரிக்குப் போனால் பைத்தியம் என்று பேசுவார்களே’ என்கிறார் என் கணவர். மாத்திரைக்கு அடிமையாகிவிடுவேனோ, ஆயுசுக்கும் சாப்பிட வேண்டுமோ என்று பயமாக இருக்கிறது. ஒன்பதாவது கேள்விக்குச் ‘சில நாட்கள்’ என்று குறித்தேன். காலையில் கண் விழிக்காமலே போனால் தேவலை என்று தோன்றும். ஆனால் நானாக எதுவும் செய்துகொள்ள மாட்டேன். என்ன செய்யட்டும்?

பதில்: கடைசியில் எழுதியிருப்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கண் விழிக்காமலே போனால் தேவலை என்று தோன்றுவது இந்த நோயின் அறிகுறிகளில் ஒன்று. அது உங்கள் குணக்கேடும் இல்லை, கோழைத்தனமும் இல்லை. மறைக்காமல் தாளில் குறித்தீர்களே, அது மிகச் சரியான காரியம். ஆனால் அதோடு விட்டுவிடக் கூடாது. அந்தக் கேள்விக்கு ‘இல்லவே இல்லை’ என்பதைத் தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும், டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மேலும் சிலவற்றைக் கேட்டாக வேண்டும். எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது? எப்படிச் செய்வது என்று யோசித்ததுண்டா? முன்பு எப்போதாவது முயன்றதுண்டா? உங்களைத் தடுத்து நிறுத்துவது எது? இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிட்டதாகிவிடும் என்று டாக்டர்களே சிலர் தயங்குகிறார்கள். அது தவறு. கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை. வெளியே சொல்லிவிட்டோம் என்ற ஆறுதல்தான் பலருக்குக் கிடைக்கிறது. உங்களிடம் கேட்காமல் விட்டிருந்தால் அடுத்த முறை நீங்களே பேச்சை எடுங்கள்.

இரண்டு காரியங்களை இன்றே செய்யுங்கள். வீட்டில் உங்கள் நம்பிக்கைக்குரிய ஒருவரிடமாவது இதைச் சொல்லுங்கள். வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும், சர்க்கரை மாத்திரை உட்பட, அவர் கையில் ஒப்படைத்து, அன்றன்றைக்கு உரியதை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். புதிய மாத்திரையை ஒரு தடவைக்கு இரண்டு வாரத்துக்கு மேல் வாங்க வேண்டாம். அந்த எண்ணம் வலுத்தாலோ, வழி தேட ஆரம்பித்தாலோ, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது. 14416 என்பது மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண். 2022 அக்டோபரில் தொடங்கியது. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் அவசர சிகிச்சைப் பிரிவும் 24 மணி நேரமும் திறந்திருக்கிறது.

இனி உங்கள் கணவரின் கேள்வி. பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், மனச்சோர்வு நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு 85 பேர் சிகிச்சையே பெறாமல் இருப்பது தெரியவந்தது. அத்தனை பேருக்கும் மனநல மருத்துவர்கள் போதமாட்டார்கள். உலக சுகாதார நிறுவனமும், பொது மருத்துவர்கள் மனச்சோர்வு உள்ளிட்ட மனநோய்களைக் கண்டறிந்து சிகிச்சை தருவதற்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. நிம்ஹான்ஸே பொது மருத்துவர்களுக்கு இதில் பயிற்சி கொடுக்கிறது. அமெரிக்காவில் ஏறக்குறைய நாலாயிரம் பேரைக் கொண்டு நடந்த ஸ்டார்-டி என்ற ஆய்வில், ஒரே முறையில் அளந்து, ஒரே முறையில் டோஸைக் கூட்டிச் சிகிச்சை கொடுத்தபோது, மனநல மருத்துவரிடம் போனவர்களும் குடும்ப டாக்டரிடம் போனவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் குணமானார்கள். பலன் சிகிச்சையின் ஒழுங்கில் இருக்கிறது. சர்க்கரைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவு பார்த்து மாத்திரையைக் கூட்டிக் குறைக்கிறார் அல்லவா, அதே ஒழுங்கு இதிலும் வேண்டும். மனச்சோர்வு சிகிச்சை தோற்றுப்போகும் இடங்களில் பெரும்பாலும் மருந்து தவறாக இருப்பதில்லை. டோஸ் போதாமல் இருக்கும், அல்லது நாலு வாரம் முடியுமுன் நிறுத்தியிருப்பார்கள், அல்லது மறுபடி அளந்தே பார்த்திருக்க மாட்டார்கள். உங்களுக்கும் இதுதான் நடந்திருக்கிறது.

உங்கள் டாக்டர் தாளில் கேட்டாரே, அது நல்ல அறிகுறி. பிஎச்க்யூ-9 என்ற அந்தப் படிவம் தமிழிலும் உண்டு. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியது. ஈடுபாடு குறைவு, மன வருத்தம், தூக்கம், அசதி, பசி, தன்னைத் தானே மட்டமாக நினைப்பது, கவனம், நடை பேச்சில் மந்தம் அல்லது இருப்புக் கொள்ளாமை, சாவு பற்றிய எண்ணம் என்று ஒன்பது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3; மொத்தம் 27. ஐந்து முதல் லேசானது, பத்து முதல் நடுத்தரம், பதினைந்து முதல் நடுத்தரத்திலும் கடுமையானது, இருபது முதல் கடுமை. லேசான நிலையில் எடுத்த எடுப்பில் மாத்திரை தேவைப்படாது. 10 முதல் 14 வரை ஆலோசனைச் சிகிச்சையோ மாத்திரையோ போதும். உங்கள் 16க்கு மாத்திரை எழுதியது நியாயமானதுதான். இரண்டும் சேர்ந்தால் இன்னும் நல்லது.

ஆனால் படிவத்தின் மதிப்பெண்ணை மட்டும் வைத்து நோய் இன்னதென்று தீர்மானித்துவிட முடியாது. அசதி, தூக்கமின்மை, பசியின்மை மூன்றுமே இரத்தச்சோகையிலும் தைராய்டு குறைவிலும் வரும். அதனால்தான் முதல் இரண்டு கேள்விகளில் ஏதாவது ஒன்று, அந்த இரண்டு வாரத்தில் பாதி நாளுக்கு மேல் இருக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் ‘எதிலும் பிடிப்பில்லை’ என்று எழுதியிருப்பது அதற்குப் பொருந்துகிறது. மூன்று மணிக்கு முழிப்பு வந்து அதன்பின் தூங்க முடியாமல் போவதும் இந்த நோயின் கையெழுத்து மாதிரி. நம் பெண்கள் டாக்டரிடம் ‘மனசு சரியில்லை’ என்று சொல்லிக்கொண்டு வருவது அரிது. உடம்பு வலி, மண்டை கனம், நெஞ்சு படபடப்பு, உள்ளங்கால் எரிச்சல் என்றுதான் வருவார்கள். ஸ்கேன் நார்மல் என்றதும் ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிடுவதும் நடக்கிறது. உங்கள் டாக்டர் அப்படி அனுப்பவில்லை. அவரை விட்டுவிடாதீர்கள்.

உங்கள் விஷயத்தில் மூன்று இரத்தப் பரிசோதனைகள் கட்டாயம். ஒன்று ஹீமோகுளோபின். 46 வயதில் மாதவிடாய் முறை தவறி அதிகமாகப் போவது சகஜம். 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அந்த அசதியை எந்த மனச்சோர்வு மாத்திரையாலும் போக்க முடியாது. இரண்டு, தைராய்டைக் காட்டும் டிஎஸ்எச். சற்றே கூடியிருந்தால் அதன்மேல் முழுப் பழியும் போடக்கூடாது; பத்துக்குமேல் போயிருந்தால் தைராய்டு மாத்திரை தேவைப்படும். மூன்றாவதுதான் உங்களுக்கு மிக முக்கியம்: வைட்டமின் பி12. மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்குக் குடலில் பி12 ஏறுவது குறையும். சைவம் என்றால் இன்னும் குறையும். அசதி, மரமரப்பு, மறதி, மனம் சோர்வது எல்லாம் அதில் வரலாம். குறைவாக இருந்தால் ஊசியாகவோ மாத்திரையாகவோ தனியாகக் கொடுக்க வேண்டும். பேருக்கு ஏதோ ஒரு பி-காம்ப்ளெக்ஸ் போட்டால் போதாது. கூடவே மூன்று மாதச் சர்க்கரை அளவையும் பார்த்துவிடுங்கள். மனச்சோர்வு வந்தால் சர்க்கரை ஏறும், சர்க்கரை ஏறினால் சோர்வு கூடும். இந்த ரிப்போர்ட்டுகள் வரும்வரை மனச்சோர்வு சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. இரண்டும் சேர்ந்தே நடக்கலாம்.

மாதவிடாய் நிற்கப்போகும் அந்தச் சில வருடங்களில் மனச்சோர்வு வரும் வாய்ப்பே கூடுதல். திடீரென்று முகமும் கழுத்தும் கொதித்து வியர்ப்பது இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

இன்னொரு கேள்வியை உங்கள் டாக்டர் கேட்டாரா என்று தெரியவில்லை. கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள். எப்போதாவது நாலைந்து நாள் தொடர்ந்து, தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு, ஓயாமல் பேசிக்கொண்டு, பணத்தை வாரி இறைத்து, வழக்கத்துக்கு மாறாக நடந்துகொண்டது உண்டா? அம்மா அப்பா வழியில் யாருக்காவது அப்படி? உண்டு என்றால் அது இருதுருவ நோயாக இருக்கலாம். அவர்களுக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் எதிர்ப்பக்கமான அதீத உற்சாகத்துக்குத் தூக்கி அடித்துவிடலாம். அந்த ஒரு பதிலே குடும்ப டாக்டரிடமிருந்து மனநல மருத்துவரிடம் அனுப்பப் போதுமான காரணம்.

இப்போது அந்த மாத்திரை அட்டை. பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் இரண்டு பெயர்களும் பக்கத்தில் எண்களும் இருக்கும். எஸ்சிட்டாலோபிராம் 5 அல்லது 10 மி.கி., குளோனசிபாம் பெரும்பாலும் 0.5 மி.கி. உங்களுக்கு வந்த குமட்டல் முதல் மருந்தின் வேலை. கிறக்கம் பெரும்பாலும் இரண்டாவதின் வேலை. நோயை மாற்றுவது எஸ்சிட்டாலோபிராம்தான். அது மூளையில் செரடோனின் என்ற வேதிப்பொருளின் வழியாக மெல்ல மெல்ல வேலை செய்கிற மருந்து, பழக்கம் பிடிக்க வைக்காது. குளோனசிபாம் பென்சோடயசிபைன் வகை: படபடப்பை உடனே அடக்கும், தூங்க வைக்கும், மனச்சோர்வை மாற்றாது, நாலு வாரத்துக்குமேல் தினமும் போனால் பழக்கம் பிடித்துக்கொள்ளும். நீங்கள் பயப்படும் ‘அடிமை’ இதில்தான் இருக்கிறது. இரண்டையும் ஒரே மாத்திரையில் அடைத்துத் தருவதில் எனக்கு உடன்பாடில்லை. டோஸைக் கூட்ட ஒன்றுக்கு இரண்டாகப் போட்டால் குளோனசிபாமும் இரட்டிப்பாகும். ஒன்றை நிறுத்த வேண்டிய காலத்தில் இன்னொன்றைத் தொடர வேண்டியிருக்கும். மாதக்கணக்கில் போக வேண்டிய மருந்தும் இரண்டு வாரத்தில் விட வேண்டிய மருந்தும் ஒரே மாத்திரையில் இருக்கக் கூடாது.

அதனால் டாக்டரிடம் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எஸ்சிட்டாலோபிராம் மட்டும், முதல் ஏழு நாள் 5 மி.கி., காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு. எட்டாவது நாளிலிருந்து 10 மி.கி. போடலாம். வெறும் வயிற்றில் போட்டால்தான் குமட்டல் அதிகம். பகலில் தூக்கம் வந்தால் இரவுக்கு மாற்றிக்கொள்ளலாம். குமட்டல், லேசான தலைவலி, வயிற்றுப்போக்கு, வியர்வை, முதல் சில நாள் படபடப்பு கூடுவது ஆகியவை ஏழு முதல் பத்து நாளில் அடங்கிவிடும். நீங்கள் நிறுத்திய நேரம் அவை அடங்கப்போகிற நேரம். படபடப்பு தாங்காவிட்டால் குளோனசிபாம் 0.25 மி.கி. இரவில் மட்டும், அதிகபட்சம் இரண்டு வாரம். அந்த நாட்களில் ஸ்கூட்டி ஓட்ட வேண்டாம். ஒரு எச்சரிக்கை: 5 மி.கி. தொடக்க டோஸ்தான். அதிலேயே மாதக்கணக்கில் விட்டுவைத்து ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்பது கிளினிக்குகளில் அதிகம் காணும் பிழை. எஸ்சிட்டாலோபிராம் ஒத்துக்கொள்ளாவிட்டால் செர்ட்ராலின் 25 மி.கி.யில் தொடங்கி 50க்குப் போகலாம், அல்லது ஃப்ளூஆக்ஸெடின் 20 மி.கி. பார்க்கலாம். ஜன் ஔஷதி கடைகளில் பிராண்டுப் பெயரில்லாத மாத்திரை விலை குறைவு. டாக்டரிடம் மருந்தின் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.

வலி மாத்திரை விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். டைக்ளோஃபினாக், ஏசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், மாதவிடாய் வலிக்குப் போடும் மெஃபனமிக் ஆசிட், இவற்றில் எதையும் எஸ்சிட்டாலோபிராமோடு தொடர்ந்து சேர்த்தால் வயிற்றில் இரத்தக்கசிவு வரும் அபாயம் கூடும். டிரமடால் சேர்ந்த வலி மாத்திரை அறவே கூடாது. இரண்டும் சேர்ந்து செரடோனினை அளவுக்கு மீறி ஏற்றி நடுக்கம், காய்ச்சல், வலிப்பு வரை கொண்டுபோகலாம். வலிக்குப் பாரசிட்டமால் 500 அல்லது 650 போதும். மனச்சோர்வு இறங்க இறங்க உடம்பு வலியும் தானாகக் குறையும். மலம் கறுப்பாகப் போனால் அன்றே டாக்டரைப் பாருங்கள்.

இதைப் படிக்கும் வேறு வீடுகளில் அறுபத்தைந்தைத் தாண்டிய பெரியவர்களுக்கு இந்த மருந்து போகலாம். அவர்களுக்கு எஸ்சிட்டாலோபிராம் 10 மி.கி.க்கு மேல் போகக் கூடாது. பிபிக்கு நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிட்டால் இரத்தத்தில் சோடியம் இறங்கிக் குழப்பம், தள்ளாட்டம் வரலாம். இரண்டு வாரத்தில் சோடியம் பார்ப்பது நல்லது. 25 வயதுக்குள் உள்ளவர்களுக்கு முதல் சில வாரம் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்பதால் வாரம் ஒருமுறை டாக்டரும் வீட்டாரும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

எப்போது குணம் தெரியும்? முதல் வாரத்தில் பக்கவிளைவு மட்டும்தான் தெரியும், பலன் தெரியாது. இதை முன்கூட்டியே யாரும் சொல்லாததால்தான் பலர் பத்தாம் நாள் நிறுத்துகிறார்கள். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் தூக்கமும் பசியும் முதலில் திரும்பும். மனத்தின் பாரம் அதன் பிறகுதான் இறங்கும். பெரும்பாலும் நோயாளியைவிட வீட்டில் இருப்பவர் முதலில் கவனிப்பார்: ‘நேற்று நீயாக டிவி போட்டாயே’ என்பது மாதிரி. ஆகவே முதல் வாரம் ஒரு போனாவது, இரண்டாவது வாரம் நேரில், பிறகு நாலாவது, எட்டாவது வாரம் என்று நாள் குறித்துக்கொண்டு வாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே தாளை நிரப்புங்கள். உங்கள் 16 நாலாவது வாரத்தில் 11க்கோ அதற்குக் கீழோ வந்திருந்தால் வழி சரி. 14, 15லேயே நின்றால் டோஸை 15 அல்லது 20 மி.கி. வரை கூட்ட வேண்டிய நேரம். எட்டாவது வாரத்தில் 8க்குக் கீழ் வர வேண்டும். கடைசி இலக்கு 5க்குக் கீழ். ‘பரவாயில்லை, கொஞ்சம் தேவலை’ என்ற இடத்தில் டாக்டரும் நீங்களும் திருப்தியடைந்து நின்றுவிடாதீர்கள்; மிச்சம் வைத்த மனச்சோர்வு திரும்பி வரும். முதல் மருந்திலேயே முழுக்கக் குணமாகிறவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான். அடுத்த மருந்துக்கு மாற வேண்டி வந்தால் மனம் உடையாதீர்கள், அது வழக்கமான நடைமுறை.

மாத்திரையோடு சேர்ந்து நீங்கள் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2017இல் வெளியானது. மனநலப் படிப்பு படிக்காத, பயிற்சி மட்டும் பெற்ற ஆலோசகர்கள், கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களை ஆறு முதல் எட்டு முறை சந்தித்தார்கள். அவர்கள் செய்ததன் சாரம்: முடங்கிப்போன நாளை மெல்ல மெல்ல மறுபடி இயங்க வைப்பது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் அதிகம் குணமானார்கள். இதன் எளிய வடிவத்தை வீட்டிலேயே தொடங்கலாம். மூன்று நாள், ஒரு நோட்டில், மணிக்கு மணி என்ன செய்தீர்கள், அப்போது மனம் பத்துக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். பெரும்பாலும் படுத்துக்கிடந்த நேரத்தில்தான் எண் மிகக் கீழே இருக்கும். நாலாவது நாள் இரண்டு வேலைகளைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று செய்தே ஆக வேண்டியது, ஒன்று முன்பு பிடித்திருந்தது. வேலையைச் சின்னதாக வெட்டுங்கள். ‘சமையல்’ என்று எழுதாதீர்கள். ‘பத்து மணிக்கு அரிசி களைந்து குக்கரில் வைப்பது’ என்று எழுதுங்கள். குழம்பை அன்று கணவரோ கடையோ பார்த்துக்கொள்ளட்டும். ‘வாக்கிங்’ என்று எழுதாதீர்கள். ‘ஆறரைக்குச் செருப்பு மாட்டி, தெருமுனை பால் பூத்வரை போய்வருவது’ என்று எழுதுங்கள். இரண்டாவது வாரம் அதை அல்சூர் ஏரிவரை நீட்டலாம். ஆறாவது வாரத்துக்குள் வாரம் ஐந்து நாள் அரைமணி நேரம் என்ற அளவுக்கு வந்தால் போதும். மனசு வந்தால் செய்வோம் என்று இருந்தால் மனசு வராது. கடிகாரம் சொல்லும்போது செய்ய வேண்டும். செய்து முடித்தபின் மறுபடி பத்துக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். ஒரு நாள் தவறினால் அடுத்த நாள் அதையே பாதியாக வெட்டிச் செய்யுங்கள்.

தூக்கத்துக்கு: எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழும் நேரம் ஒன்றே. மதியம் இரண்டு மணிக்குமேல் ஃபில்டர் காபி வேண்டாம். மூன்று மணிக்கு முழிப்பு வந்து இருபது நிமிடம் தூக்கம் வராவிட்டால் படுக்கையில் புரளாமல் ஹாலுக்கு வந்து மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள், போனைத் தொடாமல்.

உங்கள் கணவருக்குச் சில வார்த்தை. ஐயா, ‘மனசைத் தைரியமாக வைத்துக்கொள்’, ‘உனக்கென்ன குறை’ என்பவை நல்லெண்ணத்தில் சொல்லப்படுபவை. ஆனால் கேட்பவருக்கு, தன் மனபலம் போதவில்லை என்ற குற்றமாகவே அவை போய்ச் சேரும். இந்த நோயில் குற்ற உணர்ச்சி ஏற்கெனவே அளவுக்கு மீறி இருக்கிறது. கோயிலுக்குப் போவது பிடித்தமானால் போகட்டும், மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம். நீங்கள் செய்யக்கூடியது: காலை மாத்திரையை நீங்கள் எடுத்துக் கொடுப்பது, பால் பூத் வரை கூட நடப்பது, நாலாவது வாரம் டாக்டரிடம் கூடப் போய் வீட்டில் கண்டதைச் சொல்வது, வாரம் ஒருமுறையாவது ‘சாகணும்போல் இருக்கிறதா’ என்று நேராகக் கேட்பது. நிம்ஹான்ஸ் விஷயம்: அங்கே வலிப்பு, பக்கவாதம், தலைக்காயம், மூளைக் கட்டி எல்லாவற்றுக்கும் சிகிச்சை உண்டு, வரிசையில் நிற்பவர் எதற்கு வந்தார் என்று யாருக்கும் தெரியாது. 2017இன் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி நோயாளியின் விவரங்களை இரகசியமாக வைத்திருப்பது அவர்கள் கடமை. அதே சட்டம், உடல்நோய்க்கு உள்ளதுபோலவே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்கிறது.

மனநல மருத்துவரிடம் எப்போது போவது? சாகும் வழியை யோசித்தால், அல்லது முன்பு முயன்றிருந்தால், காதில் குரல் கேட்டாலோ, தான் பாவம் செய்து தண்டனை பெறுகிறோம் என்பதுபோல் அசைக்க முடியாத நம்பிக்கை வந்தாலோ, சாப்பாடு தண்ணீரையே நிறுத்திவிட்டால், மேலே சொன்ன அதீத உற்சாகக் காலம் இருந்தால், குடிப்பழக்கமும் சேர்ந்திருந்தால், கர்ப்பமாகவோ பிள்ளை பெற்ற ஒரு வருடத்துக்குள்ளோ இருந்தால், இரண்டு மருந்துகளை முழு டோஸில் ஆறு முதல் எட்டு வாரம் வீதம் பார்த்தும் மதிப்பெண் பாதியாகாவிட்டால். இவற்றில் சாவு பற்றியது, குரலோ அசையாத நம்பிக்கையோ பற்றியது, சாப்பாட்டை நிறுத்துவது ஆகிய முதல் மூன்றுக்கும் அன்றே போக வேண்டும். உங்களுக்கு நிம்ஹான்ஸ் தூரம் என்றால் சிவாஜிநகர் பௌரிங் மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. தமிழில் பேசும் டாக்டர் வேண்டும் என்று பதிவுச் சீட்டு போடும்போதே கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். மனத்தில் இருப்பதை அரைகுறைக் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ சொன்னால் பாதிதான் வெளியே வரும்.

ஆயுசுக்கும் சாப்பிட வேண்டியதில்லை. இது உங்களுக்கு முதல் முறை என்றால், முழுக்கக் குணமான நாளிலிருந்து ஆறு முதல் ஒன்பது மாதம் அதே டோஸில் தொடர வேண்டும். நன்றாக இருக்கிறதே என்று மூன்றாவது மாதம் விடுவதுதான் நோய் திரும்புவதற்குப் பெரிய காரணம். இரண்டு மூன்று முறை வந்தவர்களுக்கு இரண்டு வருடமோ அதற்கு மேலோ. நிறுத்தும்போது சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், மண்டைக்குள் கரண்ட் அடித்தாற்போல் ஒரு வெட்டு, எரிச்சல், கெட்ட கனவு எல்லாம் வரலாம். அது போதைப் பழக்கம் இல்லை. மருந்துக்குப் பழகிய நரம்புகள் ஈடுகொடுக்க நேரம் கேட்கின்றன. 10ஐ 5ஆக்கி நாலு வாரம், பிறகு 5இல் பாதியாக இன்னும் சில வாரம் என்று இறக்கினால் பெரும்பாலோருக்குச் சிரமம் இருக்காது. வீட்டு விசேஷம், இடமாற்றம், பிள்ளைகள் பரீட்சை இருக்கும் மாதத்தில் இறக்க ஆரம்பிக்காதீர்கள். பத்து நாள் சாப்பிட்டு நீங்களாக நிறுத்தியதால் கெடுதல் ஒன்றும் ஆகவில்லை. மறுபடி 5 மி.கி.யிலிருந்து தொடங்கலாம்.

தாம்பத்தியத்தில் நாட்டம் குறைவது இந்த மருந்துகளில் அடிக்கடி வரும் பக்கவிளைவு. சொல்லக் கூச்சப்பட்டுப் பலர் மருந்தையே விட்டுவிடுகிறார்கள். டோஸைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ சரிசெய்யலாம், சொன்னால் போதும்.

இந்த வாரமே அதே கிளினிக்குக்குப் போங்கள். மிச்சமிருக்கும் மாத்திரை அட்டை, மெட்ஃபார்மின் சீட்டு, மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய வலி மாத்திரையின் காலி அட்டை மூன்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பத்து நாளில் நிறுத்தியதை மறைக்காமல், என்ன பக்கவிளைவு என்று சொல்லுங்கள். பி12, டிஎஸ்எச், ஹீமோகுளோபின் எழுதித் தரச் சொல்லுங்கள். நாலாவது வாரத்துக்கு உரிய தேதியைச் சீட்டிலேயே குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் கூட்டம் அதிகமென்றால் கடைசி ஆளாகப் போங்கள். டாக்டருக்கு உங்களிடம் பேசப் பதினைந்து நிமிடமாவது வேண்டும்.